மூச்சு வண்டி எங்கே நிற்கும்?

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்கள் கதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். இது, வெண்ணெய் யார் கையில் இருக்கிறது என்றே தெரியாமல் ஊரெல்லாம் அலைந்த ஒருத்தியின் கதை.

ஊருக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று. அதன் மேல்மாடியில், துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் அறையை ஒட்டினாற்போல் இன்னொரு குட்டி அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு ஊரின் வரைபடம். எந்த நோய் எந்தப் பக்கத்தில் அதிகம் என்று பார்த்துச் சொல்வது அங்கே உட்கார்ந்திருப்பவளின் வேலை. புள்ளிவிவரம் பார்க்கிறாள், வரைபடத்தில் புள்ளி குத்துகிறாள், இரண்டுக்கும் சேர்த்து ஆஸ்பத்திரியில் அவளுக்குப் புள்ளியம்மா என்று பேர் விழுந்துவிட்டது. வீட்டில் மட்டும் அவள் சின்னவள். நாற்பது வயதானால் என்ன, கடைசியாகப் பிறந்தவளுக்கு வேறு பேர் கிடைக்குமா?

அந்த வருஷம் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரிக்கு வண்டி ஒன்று தருவதாகச் சொன்னது. சும்மா வண்டி இல்லை. உள்ளேயே படுக்கை, மருந்து, புகைபோல் மருந்தை மூச்சில் ஏற்றும் கருவி எல்லாம் இருக்கும். இளைப்பு வந்து நெஞ்சு விசிலடிக்கும் பிள்ளைகளுக்காகவே செய்த வண்டி. மூச்சு வண்டி என்று அதற்கு வருவதற்கு முன்பே பேர் வைத்துவிட்டார்கள். ஒரே வண்டி, ஒரே இடத்தில்தான் நிற்கும், நின்றால் மூன்று வருஷத்துக்கு நகராது. அறக்கட்டளை ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. எங்கே இளைப்பும் வசதிக்குறைவும் கைகோத்துக்கொண்டு நிற்கிறதோ, அங்கேதான் வண்டி நிற்க வேண்டும். அதை வாய்ப்பேச்சாகச் சொன்னால் போதாது, கணக்காகக் காட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை கூட்டம்.

"ஒரு பக்கம் நம்மகிட்ட இருக்கும்மா," என்றார் மூச்சு டாக்டர். பிள்ளைகளின் நெஞ்சுக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர். எப்போது பார்த்தாலும் சட்டைப் பையில் பிஸ்கட் வைத்திருப்பார், பிள்ளைகளுக்குப் பாதி, தனக்குப் பாதி. "எந்தப் புள்ளைக்கு இளைப்புன்னு நம்ம ஆஸ்பத்திரிக் கணக்கு சொல்லும். எந்த வட்டாரம் எவ்வளவு கஷ்டத்துல இருக்குன்னு யார் சொல்லுவா? அதை நீங்கதான் எங்கேயாவது தேடிப் புடிக்கணும்."

தேடினாள். அந்தக் கணக்குக்கு வசதிக்குறைவு அட்டவணை என்று பேர். ஊரைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்து, ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், எத்தனை வீட்டில் வேலை இல்லை, எங்கே சுவரில் ஈரம் ஏறுகிறது, டாக்டரைப் பார்க்க எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்டு, எல்லாவற்றையும் சேர்த்து வட்டாரத்துக்கு ஓர் எண் போட்டிருப்பார்கள். போட்டிருப்பார்கள் என்பது நிச்சயம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

புள்ளிவிவர அலுவலகத்தில் கேட்டால் ஊர் முழுவதற்கும் சேர்த்து ஒரே சராசரியை நீட்டினார்கள். மொத்த ஊருக்கும் ஒரே செருப்பு மாதிரி அது, யார் காலுக்குப் பொருந்தும்? இணையத்தில் ஒன்று அகப்பட்டது. திறந்து பார்த்தால் பழைய ஊர், பாதித் தெருக்கள் அதில் வயலாக இருந்தன. வேலைவாய்ப்பு அலுவலகம் வீட்டுவசதி அலுவலகத்தைக் கேட்கச் சொன்னது. வீட்டுவசதி அலுவலகத்தில் போனை எடுத்த பெண் நல்ல மாதிரி. தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். வைக்கப் போனவள், "ஆனா ஒண்ணுங்க," என்றாள்.

"சொல்லுங்க."

"நீங்க சொல்ற கேள்வியெல்லாம் போன வருஷம் எங்க வீட்டுக்கே வந்து கேட்டாங்க. சுவத்துல ஈரம் இருக்கா, எத்தனை பேர் படுக்கறீங்கன்னு. எனக்கு ஏன் ஞாபகம் இருக்குன்னா, வந்தவங்க முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாங்க. என் தரையெல்லாம் சேறு."

ரப்பர் பூட்ஸ்! கணக்கெடுக்க வருகிறவன் பேனாவோடு வருவான். பூட்ஸோடு வருகிறவன் யார்? போனை வைத்துவிட்டு அரை நிமிஷம் யோசித்தவள், பக்கத்தில் டாக்டர் பிஸ்கட் கடித்துக்கொண்டிருக்க, வடிகால் துறையின் எண்ணைத் தேடி அழுத்தினாள்.

"ஆஸ்பத்திரியா? எங்கம்மா அடைச்சிருக்கு?" என்றது கரகரப்பான ஒரு குரல்.

"அடைப்பு ஒண்ணும் இல்ல சார். எனக்கு ஒரு அட்டவணை வேணும்." விஷயத்தைச் சொன்னாள்.

"அட, அதுவா! சாக்கடைக் குழி எந்தப் பக்கம் முதல்ல தோண்டணும்னு முடிவு பண்ண நாங்கதான் எடுத்தோம். ஊர் முழுக்க, தெருத் தெருவா. இங்கதான் தூங்குது. கேக்க நாதியில்ல."

"எனக்குத் தருவீங்களா சார்?"

"தராம? சாக்கடையைத் தவிர எங்ககிட்ட யாராவது எதையாவது கேட்டதே இதுதாம்மா முதல் தடவை. பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டா பேசறீங்க?"

"டாக்டர் சார் சாப்பிடறார்."

"நல்லா சாப்பிடச் சொல்லுங்க," என்று சிரித்தார் வடிகால்காரர். அன்று மாலையே அட்டவணை வந்து சேர்ந்தது. வட்டாரம் வட்டாரமாக, வரி வரியாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. புள்ளியம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அப்பாடா, முடிந்தது பாடு என்று நினைத்தாள். பாடு அவ்வளவு சீக்கிரம் யாரை விட்டது?

வடிகால் அட்டவணையையும் ஆஸ்பத்திரிக் கணக்கையும் மறுநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தாள். பிள்ளைகளின் பேரோ கதவு எண்ணோ அவளுக்கு வராது. அது அவர்கள் ரகசியம். பதிவுப் பிரிவிலிருந்து விலாசத்துக்குப் பதிலாக வட்டார எண் மட்டும் போட்டு அனுப்புவார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் இணைப்பு. இணைத்தாள், பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

ஊரிலேயே இளைப்பு அதிகமாக இருந்த வட்டாரம் ஆஸ்பத்திரி வட்டாரம். மரநிழல், அகலமான தெரு, வீட்டுக்கு இரண்டு கார். வசதிக்குறைவு என்றால் என்ன விலை என்று கேட்கிற இடம். வாய்க்காலுக்கு அப்பால், ஆலைக்குப் பின்னால், வடிகால்காரர்கள் அட்டவணையில் அடிமட்டத்தில் வைத்திருந்த வட்டாரத்தில் இளைக்கும் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"கார் புகையா இருக்குமோ?" என்று டாக்டர் மோவாயைத் தடவினார். அவருக்கே அது தொண்டையில் இறங்கவில்லை.

இறங்கியது ஒருவருக்குத்தான், நிர்வாகிக்கு. அவர் கெட்டவர் இல்லை பாவம். டீசல் செலவு, டிரைவர் சம்பளம் என்று கனவிலும் கணக்குப் போடுகிறவர். "வண்டியை நம்ம வாசல்லயே நிறுத்திடலாம்னு கணக்கே சொல்லுதே! போக்குவரத்துச் செலவு மிச்சம்," என்று உற்சாகமாகப் போனவர், சனிக்கிழமையே ஆளை விட்டு வாசல் ஓரமாக வண்டி நிற்க மஞ்சள் பெயின்டில் கட்டம் போட்டுவிட்டார்.

புள்ளியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அந்த ஆலைக்குப் பின்னால்தான் அவள் அக்கா இருந்தாள். ஒரு வருஷத்துக்கு முன்னால் அத்தானுக்கு ஆலையில் வேலை கிடைத்துக் குடி போனவள். அக்காவின் மகளுக்கு, வாலு என்று கூப்பிடுவார்கள், ஏழு வயசு, அந்த வீட்டுக்குப் போன மழைக்காலத்திலிருந்தே இளைப்பு. ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரைச் சொல்லக் கூடாது என்று அவளுக்குத் தெரியும், அதைத்தானே பிறருக்குப் பாடம் நடத்துகிறாள். ஆனாலும் மனசு கேட்க வேண்டாமா? வண்டி தப்பான இடத்தில் நின்றால் மூன்று வருஷம் அந்தக் குழந்தை இரண்டு பஸ் மாறித்தான் மூச்சு வாங்க வர வேண்டும். அவள் ஒருத்தி மட்டுமா வருவாள்?

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். இதுவரை அவள் அங்கே போனதில்லை. எப்போதும் அக்காவே வந்துவிடுவாள். 'நல்ல வீடுடீ, காத்தோட்டமா இருக்கு, நீ எதுக்கு அவ்வளவு தூரம்' என்று போனில் சொல்லிவிடுவாள். கடைசி பஸ் நிறுத்தத்தில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனால், பழைய டயர்களை மலைபோல் குவித்த ஒரு கடை. கடைக்குப் பின்னால் இரும்புப் படி. படி ஏறினால் ஒற்றை அறை. மூலையில் கூரை வரைக்கும் ஈரம் ஏறி, சுவர் வரைபடம் போட்டிருந்தது.

அக்கா ஒரு நொடி விழித்தாள். அடுத்த நொடி வாயைத் திறந்துவிட்டாள். "வாங்க வாங்க, மகாராணி நேர்லயே வந்துட்டீங்க! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சிவப்புக் கம்பளம் வாடகைக்கு எடுத்திருப்பேனே."

"காத்தோட்டமான வீடுன்னு சொன்னியேக்கா?"

"ஓடுதே! இந்த ஓட்டை வழியா வந்து அந்த ஓட்டை வழியா ஓடுது. நிக்கவே மாட்டேங்குது. மெதுவாப் பேசு, உங்க அத்தான் ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்கறார்."

போர்வைக்குள் ஒரு குன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாலு ஓடி வந்து சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கையில் மருந்து உறிஞ்சும் நீளமான பிளாஸ்டிக் குழாய். அதை முகத்தில் வைத்து ஆட்டிக் காட்டினாள். "சித்தி, பாத்தியா, என் யானை மூக்கு!"

"யானைக்கு இன்னைக்கு எப்படி இருக்கு?"

"காலைல விசில் அடிச்சேன். இப்ப இல்ல."

டீ வந்தது. புள்ளியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு மனசில் இருந்ததைக் கொட்டினாள். அட்டவணை, வண்டி, மஞ்சள் கட்டம், எல்லாம். "உங்க வட்டாரத்துல இளைப்பே கிடையாதுன்னு கணக்கு சொல்லுதுக்கா."

அக்கா சிரித்த சிரிப்பில் போர்வை ஒருமுறை புரண்டு படுத்தது. "கிடையாதா? கீழ டயர் கடைக்காரர் பையனுக்கு இருக்கு. எதிர்வீட்டு ரெட்டைக்கு இருக்கு. படி முனையில அந்தத் தையல்காரி மகளுக்கு இருக்கு. மழை வந்தா இந்தத் தெருவே ரயில்வே ஸ்டேஷன் மாதிரி விசில் அடிக்கும். எல்லாம் உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வருது. கணக்கு கண்ணை மூடிக்கிட்டா உக்காந்திருக்கு?"

"வந்தா வட்டார எண் விழுந்திருக்குமே. நீ என்ன விலாசம் குடுத்தே?"

அக்கா எழுந்தாள். காலியான டம்ளரை எடுத்து ஏற்கனவே துடைத்த இடத்தைத் துடைத்தாள். நாற்பத்தைந்து வருஷமாக வாய் ஓயாதவள் வாயை மூடினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"அக்கா."

"திட்டக் கூடாது."

"சொல்லு."

"உங்க ஆஸ்பத்திரி விலாசத்தைத்தான்."

புள்ளியம்மாவின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"முறைக்காத. இந்த ரூமுக்கு ரெண்டு பேர்தான்னு சொல்லித்தான் குடி வந்தோம். புள்ளை பேர்ல ஆஸ்பத்திரிக் கடுதாசி வந்து வீட்டுக்காரர் கண்ணுல பட்டா அன்னைக்கே பெட்டி தெருவுல. முதல் தடவை புள்ளையத் தூக்கிட்டு ஓடி வந்தப்ப, டோக்கன் தர்ற அந்த அக்கா விலாசம் கேட்டா. நான் முழிச்சேன். விலாசக் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் டோக்கன் துப்பாதாம். இவளுக்கோ உதடு நீலமாயிடுச்சு. 'சரி, இந்த இடத்து விலாசத்தையே போட்டுடறேன், நீங்க முதல்ல உள்ள ஓடுங்க'ன்னா. மகராசி. அதுலேர்ந்து அதுவேதான். எதிர்வீட்டுக்காரிக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்தே?"

"அவ ஒருத்திக்குத்தான். அவ ஊருக்கே சொன்னா."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஆனால் என்ன அழகான பூதம்! கார் புகையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. விலாசம் சொல்ல முடியாத பிள்ளைகள் எல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் குடியிருப்பதாகக் கணக்கு நம்பிக்கொண்டிருந்தது. புள்ளியம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது, சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. எல்லாம் ஒன்றாக வந்ததில் டீ புரையேறியது. வாலு முதுகில் தட்டினாள், பழக்கப்பட்ட கை.

"என் வீட்டு விலாசத்தைக் குடுத்திருக்கலாமேக்கா?"

"குடுத்தா கடுதாசி உன்கிட்ட வரும். ஏன்னு கேப்பே. இங்க வந்து நிப்பே." அக்கா சுவரைப் பார்க்காமல் சொன்னாள். "இப்ப வந்து நிக்கறியே, இந்த மாதிரி."

சின்னவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. எழுந்து போய் அக்காவின் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு நின்றாள். சின்ன வயசில் ஏதாவது உடைத்துவிட்டால் அப்படித்தான் நிற்பாள். அன்றைக்கு உடைந்தது அக்காவின் ரகசியம்.

பஸ் ஏற்றிவிட அக்கா கூட நடந்தாள். தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது, சரி எங்கே என்று தெரிய வேண்டுமே? மறுபடி விலாசம் கேட்டால் யார் சொல்வார்கள்? வாய்விட்டே புலம்பினாள் புள்ளியம்மா.

"விலாசம் கேட்டா பயந்துக்குவாங்க," என்றாள் அக்கா. "ஏன், எந்த ஸ்டாப்புன்னு கேளேன். உங்க ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்ததும் பக்கத்துல இருக்கறவ முதல்ல அதைத்தான் கேப்பா. சாயங்கால பஸ்ஸை விட்டுட்டா நடக்கணும் இல்ல? ஒரே ஸ்டாப்புக்காரங்க சேந்து போவோம். அதுக்கு எவளும் பொய் சொல்ல மாட்டா. சொன்னா அவதானே நடக்கணும்?"

பஸ் வந்தது. ஏறப் போனவள் திரும்பி அக்காவின் கன்னத்தைக் கிள்ளினாள். "ஐயோ, பப்ளிக்ல!" என்று அக்கா கையைத் தட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, கடித்த பிஸ்கட்டை அப்படியே வைத்தார். புள்ளியம்மா திட்டுக்குத் தயாராக நின்றாள். அவரோ நாற்காலியில் சாய்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். "நல்லவேளை! கார் புகைன்னு ஒரு பக்கம் எழுதியே வச்சிட்டேம்மா. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. வாங்க, கீழ போவோம்."

டோக்கன் அக்கா கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் மூக்குக்கண்ணாடி, மடியில் பின்னல் வேலை, எதிரே நீண்ட வரிசை. இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் ஊசி நின்றது. விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்தது.

"எனக்குத் தெரியும் சார், தப்புதான். எத்தனை பேருக்குப் போட்டேன்னு எனக்கே தெரியாது. வேலை போயிடுமா?"

"முதல்ல அந்த விலாசம் எத்தனை இடத்துல இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கக்கா," என்றாள் புள்ளியம்மா.

தேடிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியின் சொந்தக் கதவு எண்ணிலேயே பாதிப் பிள்ளைகள் வசித்தார்கள். டோக்கன் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ, இவ்வளவு பேரையா குடிவச்சிருக்கேன்?"

அந்த நேரம் பார்த்து நிர்வாகி வந்து சேர்ந்தார். பொய் விலாசம் என்று காதில் விழுந்ததும் புருவம் மேலே போனது. "யார் உங்களுக்கு அனுமதி குடுத்தது?"

டாக்டர் குறுக்கே புகுந்தார். "அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா டோக்கன் வராதுன்னு கம்ப்யூட்டர்ல போட்டது யாரு சார்?"

நிர்வாகி தொண்டையைச் செருமினார். "அது... முழுமையான பதிவு வேணும்னு... போன நிர்வாகி..."

"போட்டது நீங்கதான் சார்," என்றாள் டோக்கன் அக்கா மெல்ல. "சுற்றறிக்கைகூட வந்துச்சு."

வரிசையில் நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிர்வாகி அங்கே இங்கே பார்த்தார், அவருக்கும் வாயோரம் துடித்தது. "சரி, சரி. வேலையும் போகாது, ஒண்ணும் போகாது. வியாழக்கிழமைக்குள்ள இதைச் சரி பண்ண முடியுமா, அதைச் சொல்லுங்க. அறக்கட்டளைக்காரங்க முன்னாடி என்னால தலைகுனிய முடியாது."

மருந்து தீர்ந்ததா, இளைப்பு எப்படி என்று தாய்மார்களுக்கு வழக்கமாகப் போன் செய்கிற நர்ஸ் ஒருத்தி இருந்தாள். அவளும் டோக்கன் அக்காவும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள். இளைப்பை விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வி. விருப்பமிருந்தால் சொல்லலாம், ஏன் கேட்கிறோம் என்பதும் சொல்லப்படும்: வண்டி எங்கே நிறுத்துவது என்று பார்க்கிறோம், நீங்கள் எந்த ஸ்டாப்பு?

அக்கா சொன்னது சரியாகப் போயிற்று. விலாசம் என்றால் ஊமையாகிறவர்கள் ஸ்டாப்பு என்றதும் பாட்டாகப் பாடினார்கள். "கடைசி ஸ்டாப்புக்கு முந்தினது, டிரைவர் நிறுத்தவே மாட்டான், கத்தணும்" என்றாள் ஒருத்தி. "ஆலை வாசல். நீங்க எந்த ஸ்டாப்பு?" என்று திருப்பிக் கேட்டாள் இன்னொருத்தி. டோக்கன் அக்காவும் தன் ஸ்டாப்பைச் சொல்ல, இரண்டு பேரும் ஒரே பஸ் என்று தெரிந்து, அந்தப் போனைப் பிடுங்கி வைப்பதற்குள் நர்ஸுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

புள்ளியம்மா அதோடு விடவில்லை. சரியான விலாசம் கொடுத்திருந்த பிள்ளைகளின் வீட்டிலும் சிலரைப் பொறுக்கி அதே கேள்வியைக் கேட்கச் சொன்னாள். "இது எதுக்கு, இவங்கதான் உண்மை சொன்னவங்களாச்சே?" என்றாள் நர்ஸ். "அதுக்குத்தான். தராசு சரியா இருக்கான்னு தெரிஞ்ச எடையை வச்சுத்தானே பாக்கணும்?"

புதன்கிழமை மத்தியானம் ஸ்டாப்புகளை வட்டார எண்ணாக மாற்றி, வடிகால் அட்டவணையோடு மறுபடி இணைத்தாள். பொத்தானை அழுத்தினாள். பக்கத்து அறையிலிருந்து துவைத்த விரிப்பின் வாசனை வந்துகொண்டிருந்தது.

கணக்கு புரண்டு படுத்தது. ஆஸ்பத்திரி வாசலில் குடியிருந்த கூட்டம் எழுந்து, துணிமணியைச் சுருட்டிக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டித் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கே சுவர் ஈரமோ அங்கே இளைப்பு. எங்கே ஓர் அறையில் ஐந்து பேரோ அங்கே இளைப்பு. சந்தோஷப்படுகிற விஷயமா அது? இல்லைதான். ஆனால் இருக்கிற கஷ்டத்தை இருக்கிற இடத்தில் பார்த்துவிட்டால் பாதி பாரம் இறங்கியது போல்தான். போன் எடுக்காதவர்களைத் தனியாகத் தெரியாது என்றே போட்டாள். இரண்டு வட்டாரத்தின் எல்லையில் நின்ற ஸ்டாப்புகளையும் மறைக்காமல் எழுதினாள்.

வியாழக்கிழமை கூட்டத்தில் அறக்கட்டளை அம்மாள் ஒருவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். புத்திசாலி மனுஷி. "விலாசத்தை மாத்திச் சொன்னவங்க ஸ்டாப்பை மட்டும் சரியாச் சொல்லுவாங்கன்னு எப்படி நம்பறது?"

புள்ளியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உண்மையான விலாசம் குடுத்தவங்ககிட்டயும் அதே கேள்வியைக் கேட்டோம்மா. விலாசமும் ஸ்டாப்பும் அநேகமா எல்லார்கிட்டயும் ஒத்துப் போச்சு. ஒத்துப் போகாதவங்க எத்தனைன்னு கடைசிப் பக்கத்துல இருக்கு."

அந்த அம்மாள் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். நிதானமாகப் படித்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க," என்றார்.

வெளியே நீளமான பெஞ்சு. டோக்கன் அக்கா அங்கே பின்னல் ஊசியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணி கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். புள்ளியம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பரீட்சை முடிந்த பிள்ளைகள் மாதிரி இருவரும் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. மூச்சு டாக்டர் தலையை மட்டும் நீட்டினார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், வரவில்லை.

"கடைசி ஸ்டாப்பு," என்றார்.

டோக்கன் அக்கா அழுதுவிட்டாள். புள்ளியம்மா அழவில்லை. கால் இரண்டையும் நீட்டி, தலையைச் சுவரில் சாய்த்து, மூன்று வாரமாக நெஞ்சில் அடைத்திருந்த மூச்சை வெளியே விட்டாள். இளைப்பு இறங்கிய பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு போனை எடுத்தாள்.

"அக்கா, வண்டி உங்க ஸ்டாப்புல."

"நிஜமாவா?" என்றாள் அக்கா, ரொம்பச் சின்னக் குரலில். உடனே பழைய குரல் வந்துவிட்டது. "அப்ப ரெண்டு பஸ் மாறி வந்து உன் ஆஸ்பத்திரி கேன்டீன் டீயைக் குடிக்க வேண்டாம். அதுவே பெரிய விடுதலைடீ."

வடிகால்காரருக்கும் போன் செய்து சொன்னாள். "எங்க அட்டவணையாலயா?" என்று மூன்று தடவை கேட்டார். வண்டி நிற்கப் போகும் தெருவில் மழைத்தண்ணீர் தேங்கும், அதற்கு முன்னால் குழியை முடித்துவிடுவதாகத் தானாகவே சொன்னார். முடித்தும் விட்டார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் வண்டி வந்தது. வெள்ளை நிறம், பக்கத்தில் ஊதாக் கோடு. ஆஸ்பத்திரி வாசலில் போட்ட மஞ்சள் கட்டம் வீணாகவில்லை. நிர்வாகி தன் ஸ்கூட்டரை அதன் நடுவில் ராஜா மாதிரி நிறுத்திக்கொண்டார். விலாசக் கட்டத்தை அவரே ஆளை விட்டு மாற்றினார். இனி அது காலியாக இருந்தாலும் டோக்கன் வரும். அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்.

முதல் நாள் காலை வண்டி வாசலில் மடக்கு மேசை போட்டு டோக்கன் அக்கா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்தில் வேலை வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். வரிசையில் எதிர்வீட்டு இரட்டைகள், தையல்காரி மகள், டயர் கடைப் பையன். கொஞ்சம் தள்ளி, வேலை இருப்பது போல் கையில் எதையோ வைத்துக்கொண்டு புள்ளியம்மா நின்றாள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு வாலு முன்னால் வந்தாள், யானை மூக்கு கக்கத்தில்.

"விலாசம் வேண்டாம்," என்றாள் டோக்கன் அக்கா, அக்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி. "எந்த ஸ்டாப்புன்னு மட்டும் சொல்லுங்க."

அக்கா வாயைத் திறப்பதற்குள் வாலு முந்திக்கொண்டாள். இப்படியும் ஒரு கேள்வியா என்பது போல் மேசையையும், வண்டியையும், எதிரே நிறுத்தத்துக் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதேதான்!"